மதிவதனி வெட்டிய புடவைகள்

கார்த்திகை தீபத்தன்று மத்தியானம் மூன்று மணி இருக்கும். செங்கம் சாலையில் கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே நடந்துகொண்டிருந்த மதிவதனியின் கையை ஒரு போலீஸ்காரர் பிடித்தார். இளவயதுக்காரர், நல்ல மனுஷன்.

"பயப்படாத பாப்பா. அம்மாகிட்ட சேத்துடறேன்" என்றார்.

மதிவதனிக்கு அப்போது இருபத்தைந்து வயது. பி.காம். முடித்து, தேர்வு எழுதி, வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தீபத்துக்கு அலுவலகத்தில் ஆளுக்கொரு வேலை போட்டிருந்தார்கள். காணாமல் போன குழந்தைகளைப் பற்றி அறிவிக்கிற பந்தலில் உட்கார்ந்து பெயர் எழுதுவது அவளுடைய வேலை. அங்கேதான் அவள் போய்க்கொண்டிருந்தாள். போலீஸ்காரரும் அவளை அங்கேதான் கூட்டிக்கொண்டு போனார்.

"சார், நான் டியூட்டிக்குப் போறேன்" என்றாள்.

"பாட்டி கூட வந்தியா? பாட்டி பேரு இன்னா?"

பக்கத்தில் ஒரு கூட்டம் பம்பை அடித்துக்கொண்டு போனது. அவள் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அடையாள அட்டை தோள்பைக்குள் இருந்தது. எடுக்கலாம் என்றால் பிடித்த கையை அவர் விடவில்லை. மதிவதனியின் உயரம் நாலடிக்கு மூன்று அங்குலம் குறைவு. மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவளுடைய உச்சந்தலை வகிடும், இரட்டைப் பின்னலும், சட்டையும்தான் தெரியும். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். அந்தக் கூட்டத்தில் யார் குனிவார்கள்?

பந்தலில் மைக் பிடித்திருந்தவர் வேறு அலுவலகத்துக்காரர். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உடனே அறிவிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ரோஸ் கலர் சட்டை. நெஞ்சில் பூனைப் படம். சுமார் ஆறு வயது மதிக்கத்தக்க பெண் குழந்தை..."

மலையைச் சுற்றிக் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலும் அது போனது. இரண்டாம் முறை சொல்ல வாயெடுத்தபோது, மதிவதனியின் பிரிவிலேயே வேலை செய்கிற அருணாதேவி தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தாள். அவளைவிடப் பத்து வயது மூத்தவள்.

"ஐயோ, நிறுத்துங்க சார்! இவங்க எங்க செக்‌ஷன் ஸ்டாஃபு!"

போலீஸ்காரர் அப்போதுதான் குனிந்து முகத்தைப் பார்த்தார். கையைச் சட்டென்று விட்டார். அவர் காது மடல் சிவந்துபோனது.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. மூஞ்சியப் பாக்கல. ட்ரெஸ்ஸப் பாத்துட்டு..." என்று இழுத்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். மதிவதனியும் சிரித்துவிட்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். ஆனால் தொலைந்துபோன ஒவ்வொரு குழந்தைக்கும் நேராக, 'உடை' என்ற கட்டத்தில் எழுத எழுத அவள் சிரிப்பு நின்றுபோனது. நீலக் கவுன், பட்டாம்பூச்சிப் படம். மஞ்சள் சட்டை, கரடிப் படம். அவள் வீட்டு அலமாரியில் இருக்கிற துணிகளைத்தான் அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

நாலரை மணிக்கு மழை பிடித்தது. பந்தல் கூரையில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமாக அவள் மேல் கொட்டி, பூனைச் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. அருணாதேவி தன் பையிலிருந்து ஒரு மாற்று உடுப்பை எடுத்தாள். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பருத்தி டாப்பு.

"ஈரத்தோட இருக்காத. பெருசாத்தான் இருக்கும், பரவால்ல, போட்டுக்க."

பந்தலுக்குப் பின்னால் துணி மறைப்புக்குள் போய் மதிவதனி அதைப் போட்டுக்கொண்டாள். கை முழங்கையைத் தாண்டி, விரலையும் தாண்டித் தொங்கியது. கீழ்விளிம்பு கணுக்காலை மூடியது. ஆனால் தோள் சரியாகத் தோளில் உட்கார்ந்தது. மார்பு பிடிக்கவில்லை. அக்குள் அறுக்கவில்லை. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இத்தனை வருஷத்தில் எந்தத் துணியும் அவள் தோளில் அப்படி உட்கார்ந்ததில்லை. அவள் அங்கேயே நின்று, தோளையும் மார்பையும் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். தான் எல்லாப் பக்கமும் சின்னதாகப் பிறந்தவள் இல்லை, கையும் காலும் மட்டும்தான் குட்டை, மற்ற உடம்பு அருணாதேவிக்கு இருக்கிற அதே உடம்பு என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிற உடம்பைப் பற்றி இருபத்தைந்து வயதில் மழைக்கு ஒதுங்கிய இடத்தில் தெரிந்துகொண்டாள்.

மங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவர்களுக்கு. அப்பா அர்ஜுனன் மணிலாக்கொட்டையும் நெல்லும் போடுகிற விவசாயி. மூத்த மகள் நாலு வயதாகியும் சரியாக வளரவில்லை என்று தெரிந்ததும் வேலூருக்கும் சென்னைக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். இது எலும்பு வாகு, மருந்து கிடையாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் அம்மா சந்திரம்மாள் மகளின் துணிமணிகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். டவுனில் எத்தனையோ கடை இருந்தாலும் நேராகக் குழந்தைகள் பகுதிக்குத்தான் போவாள். ரிப்பன், மணி, பூனை, கரடி. தங்கை எழிலரசி பாவாடை தாவணிக்கு வந்த பிறகும் அக்கா கவுனில் இருந்தாள். பள்ளிச் சீருடை முடிந்து கல்லூரிக்குப் போனாள். கவுன் போய்ச் சின்னப் பிள்ளைகள் சுடிதார் வந்தது. வேலை கிடைத்ததும் சந்திரம்மாளும் மகளோடு வேங்கிக்காலுக்கு வந்து ஒரு வீடு பிடித்துக் குடியிருந்தாள். அர்ஜுனன் நிலத்தையும் மாடுகளையும் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தார்.

அந்தத் தீபத்துக்கு முன்னால் ஒரு தரம், தேரடித் தெருவில் கடை வைத்திருந்த பரசுராமன் என்ற தையற்காரரிடம் மதிவதனி துணி எடுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணா, பெரியவங்களுக்குத் தெக்கிற மாதிரி தெச்சிக் குடுங்க."

"உனக்கு இன்னாத்துக்கும்மா அதெல்லாம்? அழகா ஒரு ஃபிரில் வெச்சித் தரேன்" என்றார் அவர்.

அவர் டேப்பை வைத்து அளவெடுத்தார்தான். ஆனால் வெட்டியது மனசுக்குள் இருந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு. தைத்து வந்த துணி மார்பில் மூடவில்லை. "நீ வெயிட்டு ஜாஸ்தி ஆயிட்டே" என்று அவளையே குறை சொன்னார். அவளும் அதை நம்பி ஒரு மாதம் ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தாள்.

தீபம் முடிந்த மறுவாரம் கத்தரிப்பூ டாப்பைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு போய் அருணாதேவியிடம் நீட்டினாள்.

"அக்கா, இத நான் வெட்டிக்கட்டுமா?"

திருப்பிக் கொடுக்க வந்தவள் இப்படிக் கேட்டதும் அருணாதேவி ஒரு கணம் விழித்தாள். அப்புறம், "வெட்டிக்க. எனக்கு அந்தக் கலரே புடிக்கல" என்றாள். பொய்தான் சொன்னாள், அவளுக்கு மிகவும் பிடித்த நிறம் அது.

மதிவதனி முதலில் கத்தரிக்கோலை வைத்தது கையில். தொங்குகிற நீளத்தைக் கீழே வெட்டி மடித்து அடித்தாள். போட்டுப் பார்த்தால் கை மணியைக் கவிழ்த்த மாதிரி அகலமாகத் தொங்கியது. தோளில் அகலமாகத் தொடங்கி மணிக்கட்டில் குறுகுகிற கை அது. குறுகின பகுதியை வெட்டி எறிந்துவிட்டால் மிச்சம் இருப்பது அகலம்தானே. அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. வெட்டியெறிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. நீளத்தைக் கீழே எடுக்கக் கூடாது, நடுவில் எடுக்க வேண்டும். மேல்பாதியை இன்னும் கொஞ்சம் வெட்டி, எறிந்த துண்டின் குறுகின நுனியை அதோடு சேர்த்துத் தைத்தாள். இடுப்புக்கும் அப்படித்தான். டாப்பைக் கீழே வெட்டினால் பக்கத் திறப்பு பாதியில் காணாமல் போகிறது. நடுவில் ஒரு பட்டையை எடுத்துவிட்டால் திறப்பும் பூவேலையும் அப்படியே மேலே ஏறி வருகின்றன.

அதெல்லாம் கையூசியில் செய்தது. பிறகு தையல் மெஷின் தேடினாள். காலால் மிதிக்கிற மெஷினில் உட்கார்ந்தால் கால் மிதிக்கு எட்டவில்லை, மிதிக்கு இறங்கினால் கை ஊசிக்கு எட்டவில்லை. கடைசியில் மின்சாரத்தில் ஓடுகிற சின்ன மெஷின் ஒன்றை வாங்கி, தரையில் ஒரு மணைப்பலகை மேல் வைத்தாள். காலால் அழுத்தவேண்டிய பெடலை முட்டிக்கு அடியில் வைத்து, முட்டியால் அழுத்தினாள். முதல் நாள் மெஷின் குதித்துக்கொண்டு சுவர்வரை ஓடியது. சந்திரம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லா விளையாடு" என்றாள்.

சட்டை, டாப்பு என்று மகள் தைத்துக்கொண்டவரைக்கும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. புடவை என்ற பேச்சு எடுத்ததும்தான் வீடு சூடானது.

"எனக்கு ஒன்னோட காட்டன் பொடவ ஒன்னு குடும்மா."

"எதுக்கு?"

"கட்டறதுக்கு."

சந்திரம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "பொடவையோட அகலமே ஒன் ஒசரம் இருக்குது. போத்திக்கறதா, கட்டிக்கறதா?"

அது நிஜம். புடவை அகலம் நாற்பத்தைந்து அங்குலம். மதிவதனியும் நாற்பத்தைந்து அங்குலம். சுவரில் புடவையை விரித்துப் பிடித்து நின்றால் தலைமுடி மட்டும் மேலே தெரியும்.

"நடுவுல வெட்டி எடுத்துட்டு கரைய மறுபடி வெச்சித் தெச்சிப்பேன்."

"பொடவையில கத்திரி வெப்பியா? வாணாம். நீ இப்படியே இரு. இதுல இன்னா கொற?"

"இன்னா கொறயா? மலை முழுக்க மைக்குல என்ன ஆறு வயசுப் புள்ளன்னு சொன்னாங்கம்மா. நான் சம்பளம் வாங்கறவ. என் செக்‌ஷனுக்கு வர்றவங்க, பாப்பா, ஒங்க அம்மா எங்கன்னு என்னயே கேக்கறாங்க."

"கேட்டா கேட்டுட்டுப் போறாங்க!" சந்திரம்மாள் குரல் உயர்ந்தது. அரிசிப் பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். "ஒனக்குத் தெரியாதுடி. ஒன்னத் தூக்கினு பஸ்ல போவேன். கவுனு போட்டிருந்தா, கொழந்தன்னு நெனச்சி அவங்கவங்க வேலையப் பாப்பாங்க. ஒரு தரம், ஒனக்குப் பத்து வயசு, ஒங்க சித்தி ஆசையா பட்டுப் பாவாட கட்டி பூ வெச்சி வுட்டா. பஸ்ஸு பூரா திரும்பிப் பாத்துது. ஒருத்தன் எழுந்து வந்து நின்னே பாத்தான். அன்னிக்கு முடிவு பண்ணேன். கொழந்தன்னு நெனச்சிட்டாப் போயிடுவாங்க. பொம்பளன்னு தெரிஞ்சா நின்னு பாப்பாங்க."

பூனையும் கரடியும் அம்மாவின் ரசனை என்றே இத்தனை நாளும் மதிவதனி நினைத்திருந்தாள். அம்மா தன்னை ஒளித்து வைத்திருந்தாள் என்பது இப்போது தெரிந்தது. கோபப்படவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் தோன்றவில்லை. அரிசிப் பாத்திரத்தை அம்மா பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பாக்கட்டும்மா. என்னத்தான பாக்கறாங்க."

சந்திரம்மாள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஆனால் இரண்டு நாள் கழித்து, பச்சையில் அரக்குக் கரை போட்ட பழைய புடவை ஒன்று மெஷின் மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

முதல் தையல் நாசமாகிவிட்டது. கீழ்க்கரையை, உள்ளே மடிக்க மேலே நாலு விரல் துணி விட்டு வெட்டி எடுத்தாள். புடவையின் உடலில் இருபத்தோரு அங்குலப் பட்டையை நீக்கினாள். கரையைத் திரும்ப வைத்துத் தைக்கத் தொடங்கினாள். ஐந்தரை மீட்டர் நேர்த்தையல். அவசரத்தில் கரையை இழுத்து இழுத்துத் தைத்துவிட்டாள். முந்தானைக்கு வரும்போது மேல்துணியின் குறுக்குக் கோடும் கரைத்துண்டின் கோடும் சேராமல் இரண்டு விரல் விலகி நின்றன. கரை முழுக்கக் கொசுவம் வைத்த மாதிரி சுருங்கியிருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தையலைப் பிரித்தாள். இந்த முறை முழு நீளத்துக்கும் முதலில் குண்டூசி குத்தி, பிறகு கையூசியால் நூலோட்டிக் கட்டி, அதற்குப் பிறகே மெஷினில் வைத்தாள். தையல் கரையின் ஓரத்தில் போய் மறைந்துகொண்டது. வெட்டி எடுத்த பட்டையில் முழங்கை வரை வருகிற ஜாக்கெட் ஒன்று தைத்தாள். தோளும் மார்பும் அருணாதேவியின் டாப்பு அளவு. கை மட்டும் அவள் அளவு.

அந்தப் புடவையைக் கட்டி, பின்னலை ஒற்றையாகப் போட்டுக்கொண்டு அவள் அலுவலகத்துக்குப் போன அன்று, வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி எழுந்து நின்றார். தினமும் அவளைப் பார்க்கிறவர்தான். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்ப உட்கார்ந்தார். மனு கொண்டுவந்த ஒரு விவசாயி மேசைக்கு முன்னால் நின்று, "ஏம்மா, இந்த ஃபாரத்துல எங்க கையெழுத்து போடணுங்க?" என்று கேட்டார். அவள் விரலால் காட்டினாள். அவர் போட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது. அந்த அவ்வளவுக்காக அன்று முழுக்க அவள் உள்ளுக்குள் மிதந்துகொண்டிருந்தாள்.

அம்மா சொன்னதும் பொய்யில்லை. கவுனில் போனபோது யாரும் கவனிக்காத பேருந்தில், புடவையில் போனபோது கழுத்துகள் திரும்பின. ஒரு சனிக்கிழமை பெரிய தெருவில் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். எடுத்துவிட்டு அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் வேகமாக நடந்து, கையில் கிடைத்த முதல் ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். திங்கட்கிழமை அலமாரியின் அடியிலிருந்த பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். சந்திரம்மாள் அந்தச் சுடிதாரைப் பார்த்தாள். அன்று காலைத் தோசையில் நெய் கூடுதலாக இருந்தது.

நாலு நாள் அப்படிப் போனது. ஐந்தாம் நாள் மத்தியானம் அவளால் உட்கார முடியவில்லை. அக்குளில் தையல் அறுத்து ரத்தம் கட்டியிருந்தது. மார்பு இறுகி மூச்சு முட்டியது. முன்னெல்லாம் இதே துணியை வருஷக்கணக்கில் போட்டிருக்கிறாள். துணி என்றாலே இப்படித்தான் பிடிக்கும் என்று நினைத்திருந்தாள். இப்போது உடம்பு வேறொன்றைப் பழகிவிட்டது. யார் சிரிக்கிறார்கள் யார் முறைக்கிறார்கள் என்ற கணக்கெல்லாம் அதற்கு முன்னால் நிற்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்தச் சுடிதாரைக் கழற்றி, மெஷின் துடைக்கிற துணியாகக் கிழித்துப் போட்டாள்.

அதற்கப்புறம் தையல் அவளைப் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை ஆனால் ரமணாசிரமம் பக்கம் போவாள். அங்கே வெளிநாட்டுக்காரர்களுக்குத் தைத்துக் கொடுக்கிற கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளைக் குவியலாகப் போட்டு விற்பார்கள். மற்றவர்களுக்குத் தலையணை உறைக்கும் போதாத துண்டு அவளுக்கு ஒரு முழுக் கையாகும். சீசன் முடிந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள் விட்டுப்போன நீளப் பாவாடைகளும் லினன் பேண்டுகளும் அங்கே கிடைக்கும். ஒரு பேண்டின் இரண்டு காலையும் பிரித்து, காலர் இல்லாத ஒரு மேல்கோட்டு தைத்தாள். புடவைக்கு மேல் போட்டுக்கொள்கிற கோட்டு அது. இரண்டு பக்கமும் ஆழமான பை. பேருந்தின் உயரமான படியில் ஏற அவளுக்கு இரண்டு கையும் வேண்டும். செல்போனும் சில்லறையும் சாவியும் அந்தப் பைக்குள் போய்விட்டன. அதைப் பார்த்துவிட்டு அருணாதேவி, "எங்க எடுத்தே? எனக்கும் ஒன்னு வேணும்" என்றாள்.

ஆலோசனைகளும் வந்தன. நெட்டுக்கோடு போட்டால் உயரமாகத் தெரியும் என்றார்கள். ஒரே நிறத்தில் போடு என்றார்கள். ஹீல்ஸ் வாங்கு, பெரிய பூ, பெரிய கட்டம் பக்கம் போகவே போகாதே என்றார்கள். ஒரு வருஷம் அவள் அதையெல்லாம் கேட்டாள். நெட்டுக்கோடாகவே தைத்து அடுக்கினாள். ஒருநாள் துண்டுத் துணிக் குவியலில், உள்ளங்கை அகலக் கட்டம் போட்ட செங்கல் நிறத் துணி ஒன்று அகப்பட்டது. கையில் எடுத்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள். கடைக்காரரே, "உங்களுக்கு இது வாணாம் மேடம், கம்மி ஒசரமாக் காட்டும்" என்றார்.

"நான் கம்மி ஒசரந்தாங்க" என்றாள் மதிவதனி. சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். நெட்டுக்கோடு தைத்து யாரை ஏமாற்றப் பார்த்தோம்? நாலடி இல்லாத ஒருத்தி, கோடு போட்டுக்கொண்டால் நாலடி ஆகிவிடுவாளா? அந்தக் கட்டத் துணியில் அவள் தைத்த கோட்டுதான் இன்றைக்கும் அவளுக்கு மிகப் பிடித்தது. மெல்லிய கரைப் புடவை, மூடிய கழுத்து, முழங்கை வரை கை, அதற்கு மேல் பெரிய கட்டமோ பெரிய பூவோ போட்ட, பை வைத்த கோட்டு. இந்தக் கோலத்தில் அவளைத் தூரத்தில் பார்த்தாலே வேங்கிக்காலில் இருக்கிறவர்கள் "மதி மேடம் வர்றாங்க" என்பார்கள். உயரத்தை வைத்துச் சொல்வதில்லை, கோட்டை வைத்துச் சொல்வார்கள்.

போன வருஷம் தங்கை எழிலரசிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் அக்காவுக்கும் சேர்த்து ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். ஊதாவில் பழுப்புக் கரை, நல்ல கெட்டிப் பட்டு. மதிவதனி அதை விரித்து வைத்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டபோது சந்திரம்மாள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பட்டுலயா? சம்பந்தி வூட்டுல குடுத்ததுலயா? இதுல மட்டும் கத்திரி வெக்காதடி. கையில மடிச்சி வெச்சிக்கினு நில்லு, போதும்."

"மடிச்சி வெச்சிக்கறதுக்கா குடுத்தாங்க? கட்டறதுக்குத்தான குடுத்தாங்க."

"சாங்கியம் பாக்கறவங்கடி அவங்க!"

மதிவதனி வெட்டினாள். பட்டு வெட்டுப்படுகிற சத்தம் கேட்டு சந்திரம்மாள் எழுந்து வெளியே போய்விட்டாள். மூன்று நாள் மகளோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். மதிவதனிக்கும் உள்ளூர பயம்தான். பருத்தி மாதிரி இல்லை பட்டு. ஒருமுறை ஊசி போன இடத்தில் ஓட்டை நின்றுவிடும், பிரித்துத் தைக்க முடியாது. ஒவ்வொரு சாணுக்கும் மெஷினை நிறுத்தி மூச்சு விட்டுத் தைத்தாள்.

கல்யாணம் ஊருக்குள் ஒரு மண்டபத்தில். முகூர்த்தம் முடிந்து குடும்பப் படம் எடுக்கிற நேரம். புகைப்படக்காரர் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக்கொண்டே வந்து, பழக்க தோஷத்தில், "பசங்கள்லாம் முன்னாடி கீழ உக்காருங்க" என்று மதிவதனியின் பக்கமும் கையைக் காட்டினார். அவள் நகரவில்லை. மணப்பெண் எழிலரசி மாலையோடு திரும்பி, "எங்க அக்கா அவங்க. எம் பக்கத்துல நிக்கட்டும்" என்றாள்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் பெரியம்மா அந்தப் புடவையைக் கூர்ந்து பார்த்தார். அருகில் வந்து முந்தானையைக் கையில் எடுத்துத் திருப்பினார். உள்பக்கத் தையல் தெரிந்தது.

"இது நாங்க எடுத்த பொடவ இல்ல? வெட்டிட்டீங்களா?" கேட்டது மதிவதனியை இல்லை, சந்திரம்மாளை. "பட்டுப் பொடவைய யாராவது வெட்டுவாங்களா சம்பந்தி?"

சுற்றி நின்றவர்களும் முந்தானையை எட்டிப் பார்த்தார்கள். இதே கேள்விக்காக மூன்று நாள் பேசாமல் இருந்த அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று மதிவதனிக்குத் தெரியவில்லை.

சந்திரம்மாள் கையிலிருந்த வெற்றிலைத் தட்டைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள். பெரியம்மாவின் கையிலிருந்து முந்தானையை வாங்கி, மகளின் தோளில் மடிப்பு கலையாமல் திரும்பப் போட்டாள்.

"நீங்க குடுத்தது எம் பொண்ணுக்குத்தானங்க? அவ ஒடம்புக்குத் தக்கன தெச்சிக் கட்டிக்கினா. வெட்டாம இருந்தா பொட்டியிலதான் கெடக்கும். நீங்க ஆசையா எடுத்தத ஆசையாக் கட்டியிருக்கறா பாருங்க. தையலு தெரியுதா? வெளிய ஒரு எடத்துல தெரியுதான்னு சொல்லுங்க."

பெரியம்மா கரையை இன்னொரு முறை பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தார். பார்த்துப் பார்த்து முகம் மாறிவிட்டது. "யாரு தெச்சது?" என்று கேட்டார்.

"அவளேதான்" என்றாள் சந்திரம்மாள். "முட்டியால பெடல அழுத்தித் தெக்கறா. வூட்டுக்கு வாங்க, காட்டறேன்."

புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கினார். எழிலரசிக்குப் பக்கத்தில் மதிவதனி நின்றாள். மதிவதனிக்கு அந்தப் பக்கம் சந்திரம்மாள். படத்தில் மதிவதனி கேமராவைப் பார்க்கவில்லை, அம்மாவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்னொரு படம் எடுக்கலாம் என்று புகைப்படக்காரர் சொல்வதற்குள் மாப்பிள்ளை வீட்டார் பந்திக்குப் போய்விட்டார்கள்.

மதிவதனி இப்போது உதவியாளராகப் பதவி உயர்வு பெற்று அதே வளாகத்தில் வேறொரு பிரிவில் இருக்கிறாள். சந்திரம்மாளுக்கு இன்னமும் அவளுடைய துணிகள் பற்றி அபிப்பிராயம் உண்டு. போன மாதம் ஒருநாள் காலை, மஞ்சளும் கறுப்புமாகக் கொட்டை கொட்டையாய்க் கட்டம் போட்ட புதுக் கோட்டோடு மகள் அறையிலிருந்து வெளியே வந்தபோது, காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி இது, போர்வையாட்டம் இருக்குது?"

"போர்வதாம்மா. லாட்ஜுக்காரங்க ஏலத்துல வுட்டது. கெட்டித் துணி, நல்லா நிக்கிது பாரு."

சந்திரம்மாள் கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். தோளைத் தொட்டுப் பார்த்தாள், பைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பி நிறுத்தி, தைத்து மிஞ்சிய ஒரு நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள்.

"போய் வா. பஸ்ஸு வந்துடப் போவுது" என்றாள்.